ஆறு நாற்பதுக்குச் சேமித்த கோப்பு

எங்கள் ஆபீசில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாராவது என்னைக் கூப்பிடுவார்கள். "இங்க கொஞ்சம் வாயேன், சுவத்தக் காணோம்." "கதவு போட்டேன், எங்க போச்சுன்னே புரியல." "நேத்து வரைக்கும் இருந்த பீம் இன்னிக்கு இல்ல." எதுவும் எங்கேயும் போயிருக்காது. கோப்புக்குள் பத்திரமாக இருக்கும், திரையில் மட்டும் வந்திருக்காது. அதைத் திரும்ப வரவழைப்பது என் வேலை என்று எந்த ஆர்டரிலும் எழுதியிருக்கவில்லை. எனக்கு அது கைவந்தது, அதனால் என் தலையில் கட்டினார்கள். நானும் ஏதோ பெரிய பதவி கிடைத்த மாதிரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் உட்காருவேன்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரெங்கும் முளைத்தவற்றில் ஒன்று. வெளிநாட்டு ஆர்க்கிடெக்டுகள் பென்சிலில் கிறுக்கி அனுப்புவதை நாங்கள் முப்பது பேர் கம்ப்யூட்டருக்குள் கட்டடமாகக் கட்டி அனுப்புவோம். முன்பெல்லாம் கோடு கோடாக வரைந்தது போல இல்லை இது. சுவரை ஒரு முறை வைத்தால் போதும், மேலிருந்து பார்க்கும் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் தானாக வந்து நிற்கும். எங்கிருந்து பார்க்கிறோமோ அந்தப் பார்வை ஒவ்வொன்றுக்கும் வியூ என்று பெயர். ஒரு வியூவில் எது வர வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று நாமேதான் சொல்கிறோம். சொல்லிவிட்டு மறந்துபோகிறோம், அப்புறம் காணோம் என்று கத்துகிறோம்.

காரணங்கள் எனக்கு அத்துப்படி. தரைப்படம் என்பது கட்டடத்தை இடுப்புயரத்தில் அறுத்துக் கீழே பார்ப்பது, அதற்கு மேலே வைத்த ஜன்னல் அதில் வராது. இடிக்கப்போவது என்று குறித்துவிட்ட சுவர் புதுக்கட்டடப் படத்தில் வராது. யாரோ வேலை வேகமாக ஓடட்டும் என்று மேஜை நாற்காலியை எல்லாம் மறைத்திருப்பார்கள், அதோடு சேர்ந்து மாடிப்படியும் போயிருக்கும். இவை எதுவும் இல்லையென்றால் மெஷினுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு செத்துக்கொண்டிருக்கும். மவுசைப் பிடித்துக் கட்டடத்தைச் சுற்றினால் கோடுகள் நடுங்கும், பாதி மறையும், திரும்ப வரும். இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, "பாத்துப் பண்ணக் கூடாதா?" என்று ஒரு குட்டும் வைத்துவிட்டு எழுந்து வருவேன். தலைக்கனத்துக்குக் குறைச்சல் இல்லை.

நான் கேஜிஎஃப்காரி, மூடிப்போன தங்கச் சுரங்கத்து ஊர். முதல் நாலு வருஷம் தினமும் ரயிலில்தான் வந்து போனேன். விடியும் முன்னால் எழுந்து, பங்காரப்பேட்டை தாண்டும்வரை நின்றுகொண்டே தூங்கி, ஏழரைக்கு ஆபீஸ் கதவைத் திறப்பதே நானாக இருக்கும். அப்புறம் சம்பளம் கொஞ்சம் ஏறியதும் ஆபீசுக்குப் பக்கத்திலேயே மர்பி டவுனில் ஒரு அறை பிடித்தேன். நான் குடி வந்த அந்த மாதமே ஊரில் எங்கள் தெருவிலிருந்து ஒருத்தியை ஆபீசில் சேர்த்துவிட்டேன். அவள் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என்னைவிட நாலு வயது சின்னவள். டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவள் அப்பா சுரங்கத்தில் முப்பது வருஷம் கீழே இறங்கியவர். சுரங்கத்தை மூடியபோது கையில் கொடுத்ததையும் நெஞ்சில் சேர்ந்திருந்த தூசியையும் எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அம்மா இல்லை. அந்த வீட்டில் வேலைக்குப் போக வேறு ஆள் கிடையாது. ஆபீசில் முதல் ஆறு மாதம் புரொபேஷன், அதை ஒழுங்காகத் தாண்டினால் வேலை நிரந்தரம். "அக்கா, கன்பர்ம் ஆயிட்டா போதும், அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்று தினம் ஒரு முறை சொல்வாள். வேலையில் கெட்டிக்காரி. நான் சொல்லிக்கொடுத்ததைவிட வேகமாகப் போனாள், அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவள் ரயில்காரி என்பதால் காலை ஏழரைக்கு வந்து ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப மேனேஜர் அனுமதித்திருந்தார். ஆனால் அனுமதி கொடுத்தவர் ஒன்றை யோசிக்கவில்லை. கட்டடத்தின் பொதுக்கோப்பு சர்வரில் இருக்கும். நாங்கள் ஒவ்வொருவரும் அதன் பிரதியில் வேலை செய்து, சாயங்காலம் அதைக் கொண்டுபோய்ப் பொதுக்கோப்பில் சேர்க்க வேண்டும். சேர அரைமணி நேரம் ஆகும். முன்னால் இரண்டு பேர் சேர்த்துக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம். நடுவில் கேள்வி கேட்கும், அதற்கு ஆமாம், இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் எங்கள் ஊருக்குப் போகும் மாரிக்குப்பம் வண்டி கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் காத்திருக்குமா?

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ரயிலில் போகிறவர்களின் பாஸ்வேர்டு உள்ளூரில் இருக்கிறவர்களிடம் இருக்கும். தூரத்து ஆனேக்கலுக்குப் பஸ் பிடிக்கிற இரண்டு பேரும் அப்படித்தான். மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், பக்கத்து மேஜைக்காரர் உட்கார்ந்து சேமித்து மூடுவார். என் ரயில் காலத்தில் என் பாஸ்வேர்டு உள்ளூரில் மல்லேஸ்வரத்துப் பெண் ஒருத்தியிடம் இருந்தது. பாஸ்வேர்டை இன்னொருவருக்குக் கொடுத்தால் வேலை போகும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அதன் கீழேதான் நாங்கள் நின்று டீ குடிப்போம். அவளுடைய பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது.

அவளுக்குக் கிடைத்திருந்தது என் பழைய மெஷின். எனக்குப் புதிது வந்தபோது அதைக் கழித்துக் கட்டாமல் அவள் மேஜையில் வைத்தார்கள். அதன் கிராபிக்ஸ் கார்டு எப்படிப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும். நான் புகார் செய்திருக்கலாம். புதியவளுக்கு இது போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம், பையை மாட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் நாலாவது மாடி அவள் பொறுப்பில் இருந்தது. கூரைக்கு அடியில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்கள் வலைபோல ஓடும் மாடி அது.

"அக்கா, ஸ்கிரீன் ரொம்ப ஆடுது. திருப்பனா பாதி மறைஞ்சிடுது. அனுப்பற ஷீட்டெல்லாம் நேத்தே செக் பண்ணிட்டேன், அது ரெடி. நாளைக்கு மேல்மாடி ஆரம்பிக்கணும், இப்படி ஆடினா எப்படி வேல செய்றது?"

"நீ கிளம்பு, வண்டி போயிடும். நான் பாத்துக்கறேன்."

அவள் போனதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் பெயரில்தான் எல்லாம் திறந்திருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் குழாய்களைச் சுமக்க அந்தக் கார்டால் முடியவில்லை. குழாய்களை மறைத்துவிட்டால் ஆட்டம் நிற்கும். வேலை செய்யும் வியூக்களில் மறைத்தால் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். எதை மறைக்க வேண்டும் என்று ஒரு முறை எழுதிவைத்து, வேண்டிய வியூக்கள் மேலெல்லாம் ஒரே அடியில் போட ஒரு வசதி இருக்கிறது, டெம்ப்ளேட் என்று பெயர். அப்படி ஒன்று நானே செய்து வைத்திருந்தேன். வியூக்களின் பட்டியல் நீளமாக இருந்தது, நாற்பது இருக்கும். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கச் சோம்பல். முதலாவதைத் தொட்டேன், கடைசியைத் தொட்டேன், நடுவிலிருந்ததெல்லாம் நீலமானது. டெம்ப்ளேட்டைப் போட்டேன்.

அந்த நீலத்துக்குள் அச்சுக்குப் போகும் ஷீட்டுகளின் வியூக்களும் இருந்தன. நான் பார்க்கவில்லை. அடுத்தவர்களைப் பாத்துப் பண்ணக் கூடாதா என்று குட்டுகிறவள் நான்.

கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தேன், ஒரு கோடுகூட நடுங்கவில்லை. சேமிக்கச் சொல்லிவிட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் சொல்லிவிட்டு, மெஷினை அணைத்து வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை "சரி பண்ணிட்டேன்" என்றேன், என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. "நீ இல்லன்னா நான் இன்னாக்கா பண்ணுவேன்" என்றாள். அன்று மத்தியானம் நாலாவது மாடியின் ஷீட்டுகள் அச்சுக்கோப்பாக மாறி வெளிநாட்டுக்குப் போயின. சரிபார்த்தாகிவிட்டதே என்று அவளும் திறந்து பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. ஒரு ஷீட்டில்கூடத் தீயணைப்புக் குழாய் இல்லையாம். அங்கே கட்டுகிறவர்கள் எங்கள் படத்தை நம்பிக் கூரைச் சட்டங்களைப் பாதி மாட்டிவிட்டார்களாம், இப்போது எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமாம். இனி வேலை தருவதா வேண்டாமா என்று யோசிக்கிறோம் என்று முடிந்திருந்தது. மேனேஜர் முகம் வெளுத்துப்போய்த் தன் கண்ணாடி அறைக்கு முதலில் கூப்பிட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? என்னை.

"நீதான் இதுல எக்ஸ்பர்ட்டு. எப்படி ஆச்சு, யார் பண்ணது, எனக்கு மத்தியானத்துக்குள்ள எழுத்துல வேணும்."

கோப்பைத் திறந்ததும் தெரிந்துபோயிற்று. நாற்பது வியூக்களிலும் என் டெம்ப்ளேட் உட்கார்ந்திருந்தது. சேமித்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். அவள் பெயர், அந்த நாளின் தேதி, நேரம் ஆறு நாற்பது. உடனே எழுந்துபோய் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? ஒரு மணி நேரம் மவுசை அங்கேயும் இங்கேயும் நகர்த்தி, கண்டுபிடிக்கக் கஷ்டப்படுகிற மாதிரி நடித்தேன். அடுத்த மாதம் எனக்கு, ஒரு குழுவையே நடத்தும் லீட் பதவி வருவதாகப் பேச்சு இருந்தது. மர்பி டவுன் அறை இருந்தது. திரும்பவும் விடியுமுன் எழுந்து அந்த வண்டியில் நிற்பதை நினைத்தேன். அவளை நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் எழுதினேன்.

"ஷீட் வியூக்களின் மேல் குழாய்களை மறைக்கும் டெம்ப்ளேட் தவறுதலாகப் போடப்பட்டுள்ளது. கோப்பு இந்த லாகினில் சேமிக்கப்பட்டுள்ளது." அடியில் அவள் பெயரையும் ஆறு நாற்பது என்ற நேரத்தையும் எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுதியதிலேயே எனக்கு மிகவும் பாராட்டுக் கிடைத்த அறிக்கை அது.

அவளைக் கூப்பிட்டார்கள். நானும் அதே அறையில் நின்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சார், நான் அஞ்சே முக்காலுக்கே கிளம்பிடுவேன் சார். ஆறு நாப்பதுக்கு எங்க வண்டி வைட்ஃபீல்டு தாண்டியிருக்கும்."

"அப்ப உன் லாகின்ல யாரு உக்காந்தா? பாஸ்வேர்டு யாருக்காவது குடுத்தியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் எல்லாம் இல்லை. என் பக்கம் தலை திரும்பியது, நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். என்ன இருந்தது அதில்? என் அறிக்கைதான்.

"இல்ல சார்" என்றாள். "மறந்துட்டேன் சார். அன்னிக்கு வண்டிய வுட்டுட்டேன். நான்தான் இருந்தேன்."

"முதல்ல ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. சும்னே கதை சொல்லாதம்மா. தப்பு பண்ணா ஒத்துக்கணும்" என்றார் மேனேஜர். அவர் மல்லேஸ்வரத்துத் தமிழர், போனில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவளுக்கு ஐந்தே முக்காலுக்குக் கிளம்பக் கையெழுத்துப் போட்டது அவரேதான். அது அவருக்கு ஞாபகம் வரவில்லை. நான் ஞாபகப்படுத்தவில்லை. புரொபேஷன் முடிய அவளுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிப் பையில் வைத்தாள். நான் பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன். அவள் போய்விட்டாள் என்று உறுதியாகும்வரை வெளியே வரவில்லை. என்னை என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

அடுத்த மாதம் எனக்கு லீட் பதவி வந்தது. சிக்கலான பிரச்சினையை அரை நாளில் கண்டுபிடித்ததைக் குறிப்பிட்டே கொடுத்தார்கள். கேக் வெட்டினோம். அந்தப் பழைய மெஷினையும் தூக்கிப்போட்டுவிட்டார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், இதை யாரும் நம்ப வேண்டியதில்லை. அவள் ஊரிலேயே ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்திருந்தாள். அன்று லீவு, உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்பா என்னைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று ஓடிப்போய் உட்காரவைத்தேன்.

"வாம்மா. உன் மொகத்துல முழிக்கவே எனக்கு வெக்கமா கீது" என்றார். பேச்சுக்கு நடுவே மூச்சை இழுத்துக்கொண்டார். "நீ சேத்துவுட்ட வேல. இது போய் கெடுத்துகினு வந்து நிக்குது. அங்க உன் பேரும் கெட்டிருக்கும் இல்ல? எங்கள மன்னிச்சிக்கம்மா."

"இல்லப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அப்போது அவள் டீயோடு வந்துவிட்டாள். அவர் சொன்னது முழுக்க அவள் காதில் விழுந்திருந்தது. டம்ளரை என் கையில் கொடுத்து, "ஆறிடும்க்கா, குடி" என்றாள். நான் குடித்தேன். வாயைத் திறக்காமலிருக்க அந்த டீ எனக்கு வசதியாக இருந்தது. அவர் என் தலையில் கைவைத்து, நல்லா இருப்பே என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரை அவள் கூடவே வந்தாள். பாதி வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் என்னச் சொல்லல?" என்று கேட்டேன். மன்னிச்சிடு என்றுகூட ஆரம்பிக்கவில்லை, பாருங்கள். என் கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம்க்கா. பாஸ்வேர்டு குடுத்தவளும் போணும், வாங்கனவளும் போணும். நீ சொல்லுவேன்னு அன்னிக்கு ஒரு நிமிஷம் பாத்தேன்தான். நீ சொல்லல. சரி, நீயாவது இருக்கட்டும்னு வுட்டுட்டேன்." எதிரே வந்த சைக்கிளுக்கு வழிவிட்டாள். "நம்ம ஊர்ல எத்தினி பசங்க டிப்ளமா படிச்சிட்டு சும்மா கீறாங்க. நீ உள்ள இருந்தா நாலு பேர சேத்துவுடுவே இல்ல? அத நெனச்சுதான் மனச தேத்திகினேன். எத்தினி பேர சேத்தேக்கா இதுவரைக்கும்?"

ஒருவரையும் சேர்க்கவில்லை. மூன்று பேர் கேட்டு வந்தார்கள். ஒருத்தி எங்கள் தெருவேதான், நன்றாகப் படித்தவள். அவர்களுக்கு இடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, அந்த நாற்காலிகளில் வேறு ஊர்க்காரர்களை உட்காரவைத்தேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்தாலும் போதும், அந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பழைய கதையை யாராவது கிளறினால், ஆறு நாற்பதுக்கு அவள் நாற்காலியில் இருந்தது யார் என்று ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிடுவார். அந்தப் பயத்தில்தான் கதவைச் சாத்தினேன்.

"பாத்துகினு இருக்கேன்" என்றேன். "சீக்கிரம் எடுப்பாங்க."

அவள் முகம் தெளிந்தது. "எடுத்தா எதிர்வூட்டுப் பொண்ண மறந்துடாதக்கா, அது பாவம்" என்றாள். அந்தப் பெண்ணைத்தான் நான் திருப்பி அனுப்பியிருந்தேன். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன். என் தப்பை அவள் பார்த்தாள், அதை அவள் தாங்கிக்கொண்டாள், அதுகூட எனக்குப் பழகிவிட்டது. அந்தக் கடைசிப் பொய்யை அவள் நம்பினாள். அதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.